எங்கள் பள்ளிக்கூடத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள்

4-2-1974, திங்கள்

பள்ளிக்கூடம் போய்விட்டது. இடியவும் இல்லை, எரியவும் இல்லை. காலரா முகாமாக்கிவிட்டார்கள்.

காலையில் ஜாமெட்ரி பெட்டியோடு போனால், பியூன் பாவாடை வாசலிலேயே மறித்துவிட்டார். உள்ளே எங்கள் பதினோராம் வகுப்பு பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தச்சர் பலகையின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"படுத்தபடியே போறதுக்கு பாப்பா. கீழ பக்கெட் வைப்பாங்க" என்றார் பாவாடை.

ஜன்னலோரத்து பெஞ்சு. நான் உட்காருகிற பெஞ்சு.

அப்பாதான் தலைமை ஆசிரியர். அவராலேயே தடுக்க முடியவில்லை. குப்பத்தில் வாந்திபேதியில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது. பரீட்சைக்கு முன்னால் திருப்பித் தந்துவிடுவார்களாம். இந்த நோய் பத்துப் பன்னிரண்டு வருஷமாக தேசம் தேசமாகப் போய்க்கொண்டிருப்பதாக அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். அத்தனை தேசத்தையும் சுற்றிவிட்டு மரக்காணத்துக்கு வர அதற்கு என் எஸ்.எஸ்.எல்.சி. வருஷம்தான் கிடைத்ததா?

6-2-1974

டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். உண்மையில் டாக்டர்கள்கூட இல்லை, ஹவுஸ் சர்ஜன்கள். பரீட்சையெல்லாம் பாஸ் செய்தாலும் ஒரு வருஷம் இப்படி வேலை பார்த்து, மேலே இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் முழு டாக்டராம். ஆண்கள் நான்கு பேர். அவர்களுக்குப் படுக்கை ஆய்வுக்கூடத்துத் தரையில். ஒரே ஒரு பெண். அவளுக்கு என் அறை.

கிறிஸ்தவப் பெண் கிறிஸ்தவ வீட்டை விட்டு வேறு எங்கே தங்குவாள் என்று பங்குச் சாமியார் கேட்டாராம். அப்பா மறு பேச்சு பேசவில்லை. என் கட்டில், என் மேஜை, என் விளக்கு. நான் சமையலறையில் படிக்கிறேன். புத்தகமெல்லாம் மீன் வாசனை.

பெயர் ஜோசப்பின். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் விழுந்து தூங்கினாள்.  பெரியவர்களை 'அவர்' என்று எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். எழுத மாட்டேன்.

9-2-1974

இன்று பெரிய டாக்டர் வந்தார். முகாமுக்கு அவர்தான் தலைவர். திண்டிவனத்தில் தங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து போகிறார். வெள்ளை பூட்ஸ். அந்த பூட்ஸோடு எங்கள் மண்ணில் இறங்கவே யோசிக்கிறார்.

குப்பத்து ஜனங்கள் கடற்கரை மணலில் ஊற்று தோண்டித்தான் குடிக்கிறார்கள். இனிப்பான தண்ணீர். கிருமி அதிலிருந்துதான் வருகிறது என்று சொல்லி, சுண்ணாம்பைக் கொட்டி மணலைத் தள்ளி மூடச் சொல்லிவிட்டார். ஜனங்களிடம் எடுத்துச் சொல்ல அப்பாவையும் கூட்டிப்போனார். சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கியது ஹவுஸ் சர்ஜன் தேவநாதன். கடலூர்ப் பக்கத்துப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. தண்ணிக்கு எங்கே போவது என்று குப்பத்து நாட்டாமை சிங்காரம் கேட்டதற்கு, தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வரும் என்றாராம் பெரிய டாக்டர். அப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "சீக்கிரம் முடிஞ்சா சரி" என்றார்.

12-2-1974

அம்மா ஜோசப்பினுக்குத் தனித் தட்டு வைத்துவிட்டாள். தட்டும் தம்ளரும் கொல்லைப்புறத்தில், கிணற்றடியில். அவள் வந்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பால்காரன் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பால் ஊற்றுகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கமே விடுவதில்லை. எல்லாம் அவளால்.

அவள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று வாயில் சோற்றோடு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். காக்கை வந்து மீனை எடுத்துப்போனது. நான் விரட்டவில்லை.

எழுதிய பிறகு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விரட்டவில்லை.

14-2-1974

அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கூடை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். வகுப்பறை விட்டத்தில் கயிறு கட்டி வரிசையாக சலைன் பாட்டில் தொங்குகிறது. வாசலிலேயே தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜோசப்பின் ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். நரம்பு கிடைக்கவில்லை. அவளுடைய விரல்கள் பினாயிலில் வெந்து, தோல் உரிந்து, நுனியெல்லாம் வெடித்திருந்தன. அந்த விரலாலேயே தடவித் தடவிப் பார்த்தாள்.

என் பெஞ்சில் தேவநாதன் படுத்திருந்தார். ஆமாம், ஓட்டை போட்ட பெஞ்சில்தான். அவருக்கும் வந்துவிட்டது. ஒரு கையில் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் வந்து அவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "மருந்து குடுக்க வந்தவன் மெத்தையில படுத்திருக்கான். உங்களுக்கெல்லாம் யாருய்யா காலேஜ்ல எடம் குடுத்தது?" என்றார். நோயாளிகளில் ஒருத்தன் சிரித்தான். மெத்தையாம். பலகை அது.

16-2-1974

முந்தாநாள் படுத்திருந்த தேவநாதன் இன்று டியூட்டியில் நிற்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

எனக்கு ரகசியமாக ஓர் ஆசை உண்டு, இங்கே மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதனால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜோசப்பினிடம் கேட்டேன், டாக்டருக்குப் படிக்க பி.யு.சி.யில் என்ன எடுக்க வேண்டும் என்று. துணியைக் கொதிக்கும் அண்டாவில் கோலால் அமுக்கிக்கொண்டே சொன்னாள்: "தூக்கம் வராத வியாதி இருந்தா டாக்டருக்குப் படி. நல்லா தூக்கம் வரும்னா வேற ஏதாச்சும் படி, பாப்பா."

பாப்பா! எனக்குப் பதினாறு வயது.

18-2-1974

குப்பத்தில் காப்புக் கட்டிவிட்டார்கள். வழக்கமாக ஆடியில்தான். நோய் விலக வேண்டும் என்று இப்போதே அம்மனுக்கு வேண்டிக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால், அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர்கள் யாரும் ராத்திரி வெளியே தங்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சிங்காரம் ஆட்களோடு முகாமுக்கு வந்து, தன் ஜனங்களை எல்லாம் எழுப்பிவிட்டார். ஜோசப்பின் வாசலில் குறுக்கே நின்றாளாம். அப்பா பார்த்ததைச் சொன்னார்.

"பாதி பாட்டில்தான் ஏறியிருக்கு. இப்ப கூட்டிட்டுப் போனா செத்துடுவாங்க" என்றாளாம் இவள்.

"நீ வரதுக்கு முன்னாடியும் செத்தாங்க, நீ வந்தப்புறமும் சாவறாங்க. நவுரு" என்றாராம் சிங்காரம்.

பாட்டிலைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பகலில் வருவார்களாம், இருட்டுவதற்குள் போய்விடுவார்களாம். பெரிய டாக்டர் அதற்கும் இவளைத்தான் திட்டினார்.

20-2-1974

பாட்டில் தீர்ந்துகொண்டே வருகிறது. ஜோசப்பினுக்குப் பாடம் எடுத்த ஒருவர் வங்காள அகதி முகாமில் வேலை பார்த்தவராம். ஒரு படி தண்ணீரில் கொஞ்சம் உப்பும் ஒரு கை சர்க்கரையும் கரைத்து ஓயாமல் குடிக்கக் கொடுத்தால் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ராத்திரி குப்பத்தில் இதையாவது கொடுக்கட்டும் என்று பெரிய டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். "என்னமோ பண்ணு. ஏதாச்சும் ஆனா எங்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

இன்று நானும் பார்த்தேன். முகாமில் தாய்மார்களை உட்காரவைத்து, லாரித் தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு, கரைத்துக் காட்டினாள். உப்பை மூன்று விரலால் எடுக்கச் சொன்னாள். ஒவ்வொருத்தியையும் தானே கலக்கச் சொல்லி, வாங்கிக் குடித்துப் பார்த்தாள். கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்க வேண்டும் என்றாள். "பூமியெல்லாம் உப்பு வச்சிருக்கோம், எங்களுக்கே உப்பு போடச் சொல்லித் தர்றா" என்று உப்பளத்தில் கூலிக்குப் போகிற ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. பாஞ்சாலை என்கிறவள் மட்டும் சிரிக்காமல் மறுபடி மறுபடி கலந்து பழகிக்கொண்டாள். அவள் மடியில் கொளஞ்சி, மூன்று வயசுப் பெண். கண் குழிவிழுந்து கிடந்தது.

22-2-1974

கொளஞ்சி செத்துப்போய்விட்டது.

23-2-1974

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. 

பேதி நின்றிருக்கிறது. நின்ற பிறகு பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. வெட்டி வெட்டி இழுத்து, விடிவதற்குள் போய்விட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று குப்பமே திரண்டு வந்தது. பெண்கள் முன்னால், ஆண்கள் துடுப்போடு பின்னால். தேவநாதன் எதிரே போய்ச் சமாதானம் பேசப் பார்த்தார். தோளில் துடுப்பால் ஓங்கி ஒன்று போட்டார்கள், உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து ஓட்டின்மேல் கல் விழுந்துகொண்டே இருந்தது. ஜோசப்பினைப் பாவாடை பின்பக்கமாக எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அம்மா கதவைத் திறக்க யோசித்தாள். நான் பார்த்தேன், யோசித்தாள்.

உள்ளே வந்தவள் அழவில்லை. "நான் சொன்ன அளவுதான் அவ கலந்தா. என் கண்ணு முன்னால கலந்தா. எப்படி?" என்று என்னைக் கேட்டாள். என்னைப் போய்!

பெரிய டாக்டர் முகாம் வாசலில் நின்று ஜனங்களிடம், அது என் உத்தரவு இல்லை, அந்தப் பெண் இஷ்டத்துக்குச் செய்தது, விசாரணை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இனி அவர் எங்கே கையெழுத்துப் போடப் போகிறார்? இவள் படித்தது அத்தனையும் போச்சா?

25-2-1974

எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மீன்காரி பாப்பாத்தி கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கினாள். அவளும் குப்பம்தான். தண்ணீர் லாரி தினமும் வருகிறதா என்று சும்மாதான் கேட்டேன்.

"எந்த லாரி? காப்புக் கட்டுனதுலேருந்து டிரைவரு அம்மன் குத்தம் ஆயிடும்னு உள்ள வர பயந்துக்குனு முகாமோட திரும்பிடுறான். ஊத்தையும் மூடிட்டானுங்க. உப்பளத்துக் கெணத்துலதான் அள்ளிக் குடிக்கிறோம்."

உப்பளத்துக் கிணறு! அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. வேறு வழியில்லாவிட்டால்தான் குடிப்பார்கள். நாலைந்து நாளாக அதையே குடித்து அவர்களுக்குக் கரிப்பு தெரிவதில்லை. முதலிலேயே உப்பாக இருந்த தண்ணீரில் பாஞ்சாலை சொன்னபடி உப்பும் போட்டிருக்கிறாள். ராத்திரி முழுக்க ஊட்டியிருக்கிறாள். அந்த உப்புதான் வலிப்பாக வந்திருக்கும்.

ஓடிப்போய் ஜோசப்பினிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. எவ்வளவு முட்டாள் நான். அவள் முகம் அப்படியே செத்துப்போயிற்று. "என்ன தண்ணின்னு நான் கேக்கவே இல்ல. உப்ப அளந்தேன், சர்க்கரைய அளந்தேன். தண்ணிய கேக்கல" என்றாள். பிறகு என்னை வெளியே போகச் சொல்லித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். என் அறையிலிருந்து என்னை.

27-2-1974, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்: ஊற்றை மூடச் சொன்னது பெரிய டாக்டர்தானே? லாரி வரும் என்று சொன்னதும் அவர்தானே? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, விசாரணையில் சொல்வீர்களா?

நடையை எட்டிப் போட்டார். பிறகு, "அவரு நெனச்சா ஜூன் வரைக்கும் ஸ்கூல விடமாட்டாரு. நீ மட்டும் இல்ல, உன் கிளாஸ் மொத்தமும் எங்க உக்காந்து பரீட்சை எழுதும்?" என்றார்.

அப்படியானால் பொய் சொல்வீர்களா?

"பேசாம இருக்கறது பொய் இல்ல மேரி."

நெற்றியில் சாம்பலோடு சொன்னார்.

தேவநாதனிடமும் கேட்டேன். தோளில் கட்டு. அவருக்கு இன்னும் இரண்டு மாசம்தான் பாக்கியாம். அப்பா இல்லையாம், இவர் சம்பாத்தியத்தை நம்பி மூன்று தங்கைகளாம். "எனக்கு கையெழுத்து வேணும்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீங்கள் கோழை என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தத் தோள்தான் கண்ணில் நின்றது.

5-3-1974

விசாரணை முடிந்தது.

கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காபி கொண்டுபோன சாக்கில் நான் கதவோரமாக நின்றுகொண்டேன். பெரிய டாக்டர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அனுபவமில்லாத பெண், சொல் பேச்சு கேட்பதில்லை, உணர்ச்சிவசப்படுகிறாள். ஜோசப்பின் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். தான் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்! பெரிய டாக்டர் உடனே அதைப் பிடித்துக்கொண்டார். தேவநாதன் தரையைப் பார்த்தார். அதிகாரி அப்பாவைக் கேட்டார். "நான் டாக்டர் இல்லீங்க. எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றார் அப்பா.

நான் தம்ளரை வைத்துவிட்டு, "லாரி குப்பத்துக்குப் போகவே இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"மேரி, வீட்டுக்குப் போ" என்றார் அப்பா. இதுவரை அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை.

வராந்தாவரை போய் நின்றுவிட்டேன். அப்போதுதான் பாஞ்சாலையை உள்ளே கூப்பிட்டார்கள். தலை வாரவில்லை. நேராக ஜோசப்பின் முன்னால் போய், அவள் காலடியில் காறித் துப்பினாள். பெரிய டாக்டருக்குத் திருப்தி, முகத்தில் தெரிந்தது. "பாத்தீங்களா சார்" என்றார்.

பாஞ்சாலை அவர் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னா சிரிக்கிற? எங்க ஊத்த மூடுனது இவளா? நீ. பூட்சு காலோட நின்னுக்குனு மூடுடா மூடுடான்னு சொன்ன. லாரி வருன்னு சொன்னது யாரு? இந்த வாத்தியாரும்தான் பக்கத்துல நின்னாரு, கேளு." அப்பாவைக் கை நீட்டிக் காட்டினாள். பிறகு அதிகாரியிடம்: "இவ சொன்ன மாதிரிதான் சாமி கலந்தேன். ஒரு பொட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. என் கையால ஊட்டுனேன். இவளயும் வுடாதீங்க, அந்தாளயும் வுடாதீங்க. ஒருத்தரயும் வுடாதீங்க."

 அவள் யாருக்கும் பரிந்து பேசவில்லை. அதனால்தான் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் வராந்தாத் தூணில் தலையை முட்டிக்கொண்டாள். நான் கிட்டே போனேன். போடி என்றாள்.

9-3-1974

தீர்ப்பு வந்தாயிற்று. ஊற்றைத் திறக்கலாம். பெரிய டாக்டருக்கு ஒன்றும் இல்லை. அவர் திண்டிவனத்திலேயே இருக்கிறார். ஜோசப்பினுக்கு மூன்று மாசம் கூடுதல் பணி, அதுவும் இங்கேயே. அதை முடித்தால் கடலூர் அதிகாரியே கையெழுத்துப் போடுவாராம். முகாமைக் கலைத்துவிட்டார்கள், தேவநாதனும் மற்றவர்களும் காலையில் ஜீப்பில் போனார்கள். தேவநாதன் அவளிடம் வர்றேன் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

இதற்கு ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்றேன். "வீட்டுல என்ன சொல்றது?" என்றாள். பிறகு, "கையெழுத்து இல்லாம போனா, நான் யாரு?" என்றாள். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை.

14-3-1974

அப்பாவும் நானும் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தைக் கழுவுகிறார்கள். ஓட்டை பெஞ்சுகளை எரித்துவிட்டார்கள். நீ கேட்டதுதானே கிடைத்தது என்பது போல அப்பா என்னைப் பார்க்கிறார். கிடைத்தது.

26-3-1974

கணக்குப் பரீட்சை. சுமார். ஹாலில் இன்னும் பினாயில் நெடி. குனிந்து எழுதும்போதெல்லாம் கண் எரிந்தது.

3-4-1974

காப்பு அவிழ்த்துவிட்டார்கள், ஆனாலும் நோய் முழுக்க விலகவில்லை. ஜோசப்பின் தினமும் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு உட்காருகிறாள். ஒருத்தரும் வருவதில்லை. போகிற வருகிற பிள்ளைகள், "உப்புக்காரி" என்று கத்திவிட்டு ஓடுகின்றன. அவள் புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறாள், பக்கம் திருப்புவதில்லை. அம்மா நேற்றிலிருந்து அவள் தட்டைச் சமையலறைக்குள் எடுத்து வைத்திருக்கிறாள். 

11-4-1974

மத்தியானம் சிங்காரம் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். ஜோசப்பினைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, வேறு டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா. திண்டிவனம் வண்டி எப்போது என்று கேட்டார். சாயங்காலம்தான். நின்றுகொண்டே இருந்தார். அவர் தம்பி வீட்டில் பையனுக்கு விடியற்காலையிலிருந்து போகிறதாம்.

கடைசியில், "பாஞ்சாலதான் இத இட்டுக்குனு வரச் சொல்லுச்சு" என்றார். இது என்றது ஜோசப்பினை. "எனக்கு இஷ்டம் இல்ல."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். அவர் முன்னால் வேகமாக நடந்தார், அவள் பத்தடி பின்னால். உப்பளத்து வரப்பில் இரண்டு பேரும் சின்னதாகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகும் உள்ளே போக மனம் வரவில்லை. அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். எங்கே போகிறாள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு மாசத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. பையன் எப்படி என்று அம்மா கேட்டாள்.

"மூத்திரம் போயிட்டான். பொழச்சுக்குவான்."

என்ன சொன்னார்கள், ஏதாவது திட்டினார்களா என்று நான் கேட்டேன். புடவைச் சேற்றைச் சுரண்டினாள்.

"உக்காரச் சொல்லல" என்றாள். "நாளைக்கு வரச் சொன்னாங்க."